டைவர்ஸ் பேப்பர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வீட்டுக் கணக்கைப் பாருங்க

இந்த மாசம் வந்த கடிதமெல்லாம் ஒரே விஷயத்தைச் சுத்தித்தான். பிரிஞ்சாச்சு, இல்ல பிரியப் போறோம், எச்டிபி (சிங்கப்பூர் அரசோட வீட்டு வாரியம்) என்ன குடுக்கும், எப்ப குடுக்கும். நாலு கடிதத்தை எடுத்திருக்கேன். பேரு, புளோக் நம்பர் எதுவும் போடல, கேட்டவங்களுக்குத் தெரியும் அவங்கதான்னு.

கேள்வி: அக்கா வணக்கம். எனக்கு 36 வயசு, ரெண்டு பிள்ளைங்க, ஒன்பது வயசும் ஆறு வயசும். வீட்டுக்காரருக்கும் எனக்கும் ஒத்து வரல, சண்டையெல்லாம் ஓய்ஞ்சு இப்ப ரெண்டு பேரும் சம்மதிச்சே பிரியறோம். செங்காங்ல நாலறை வீடு, கல்யாணம் ஆன புதுசுல பிடிஓ-ல (எச்டிபி புதுசா கட்டித் தர்ற திட்டம்) வாங்குனது, எம்ஓபி (விக்கறதுக்கு முன்னாடி குடியிருந்தே ஆகவேண்டிய காலம்) முடிஞ்சிருச்சு. வித்துடலாம் ஆளுக்குப் பாதின்னு அவரு சொல்றாரு, வக்கீல் டிராஃப்ட்டும் அனுப்பிட்டாங்க. நான் கிளினிக்ல வேலை பாக்குறேன், மாசம் 2,800 வெள்ளி. இப்பவே தனியா பிடிஓ-க்கு அப்ளை பண்ணலாமா? 120,000 வெள்ளி வரைக்கும் கிராண்ட் தர்றாங்கன்னு ஃபேஸ்புக்ல பாத்தேன், எனக்குக் கிடைக்குமா? இப்போதைக்கு ஈசூன்ல அம்மா வீட்ல இருக்கேன், அண்ணி முகம் இப்பவே சரியில்ல.

பதில்: தங்கச்சி, அந்த டிராஃப்ட்ல இன்னும் கையெழுத்து போடலைல்ல? போடாதீங்க, இதைப் படிச்சிட்டு வக்கீலுக்கு ஒரு போன் போடுங்க. எச்டிபி-க்கு நீங்க யாரு, உங்களுக்கு என்ன உரிமைன்னு உங்க வாயால சொல்றது எதுவும் கணக்குல வராது, கோர்ட்டு ஆர்டர்ல என்ன எழுதியிருக்கோ அதுதான். நிறைய பேரு டைவர்ஸை ஒரு வேலையா முடிச்சிட்டு அப்புறமா வீட்டை தனி வேலையாப் பாக்கலாம்னு நினைக்கிறாங்க, அங்கதான் மாட்டிக்கிறாங்க, ஏன்னா ஆர்டர் வந்தப்புறம் அதைத் திருத்தறது லேசுல நடக்காது.

முதல்ல அந்த ‘ஆளுக்குப் பாதி’ங்கறதைப் பாப்போம். எதுல பாதி? சும்மா ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. வீடு 580,000-க்கு போகுதுன்னு வச்சுக்குவோம். கடன் பாக்கி 210,000, அதைக் கட்டுனா மிச்சம் 370,000. வீட்டுக்காக அவரு சிபிஎஃப்-ல (சம்பளத்துல பிடிக்கற சேமிப்பு நிதி) எடுத்தது வட்டியோட 130,000, நீங்க எடுத்தது வட்டியோட 60,000. வட்டின்னா என்னன்னு கேக்காதீங்க, வீட்டுக்கு எடுக்காம விட்டிருந்தா ஆர்டினரி அக்கவுண்ட்ல வந்திருக்கும்ல அந்த 2.5 சதவீதம், வித்தா அதையும் சேர்த்துத்தான் அவங்கவங்க அக்கவுண்ட்ல திருப்பி வைக்கணும். இப்ப டிராஃப்ட்ல ‘சிபிஎஃப் திருப்பிக் கட்டுனது போக மிச்சத்துல பாதி’ன்னு இருந்தா, மிச்சம் 180,000, ஆளுக்கு 90,000 ரொக்கம். உங்க 60,000-ஐ சேர்த்தா உங்களுக்கு மொத்தம் 150,000, அவருக்கு 220,000. அதே டிராஃப்ட்ல ‘கடன் போக மிச்சத்துல பாதி, சிபிஎஃப் அவங்கவங்க பங்குல இருந்து கட்டணும்’னு இருந்தா ஆளுக்கு 185,000. ரெண்டுமே வாயால சொல்றப்ப ‘பாதி’தான், ஆனா உங்களுக்கு 35,000 வெள்ளி வித்தியாசம். பிள்ளைங்களைப் பாத்துக்க சில வருஷம் வேலைக்குப் போகாம இருந்திருப்பீங்க, அதனாலதான் உங்க சிபிஎஃப் கம்மியா இருக்கும், அந்த உழைப்பும் பங்குதான்னு விமன்ஸ் சார்ட்டர் சட்டமே சொல்லுது, கோர்ட்டும் பாக்கும். அவரு மோசமானவருன்னு நான் சொல்லல, அவருக்கே இந்த வித்தியாசம் தெரியாம இருக்கலாம்.

அடுத்தது பிள்ளைங்க. கஸ்டடி ரெண்டு பேருக்கும் சேர்த்துக் குடுக்கறது இங்க சாதாரணமா நடக்கறதுதான், பள்ளிக்கூடம் எது, பெரிய வைத்தியம் எதுன்னு முடிவெடுக்கற உரிமை அது. பிள்ளை யாரு கூட தினமும் படுத்து எந்திரிக்குதுங்கறது கேர் அண்ட் கன்ட்ரோல், எச்டிபி பாக்கறது இதைத்தான். அது உங்க பேர்ல தெளிவா இருந்தா நீங்களும் ரெண்டு பிள்ளைங்களும் ஒரு குடும்பம், குடும்பத்துக்கான எல்லா வழியும் திறக்கும். ரெண்டு பேருக்கும் பொதுவுன்னு போட்டுட்டீங்கன்னா நீங்க பிள்ளை பேரைச் சேர்த்து அப்ளை பண்றதுக்கு அவரு எழுத்துல சம்மதம் தரணும், இன்னிக்கு நல்லா பேசற மனுஷன் ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி இருப்பாருன்னு யாரு கண்டா. பொதுவுன்னே போடறதா இருந்தா வீட்டுக்கு யாரு பேர்ல பிள்ளைங்க வரும்னும் அதே ஆர்டர்லயே எழுதிக்கங்க.

இப்ப ‘இப்பவே அப்ளை பண்ணலாமா’ன்னு கேட்டீங்களே. கேஸ் போட்டா மட்டும் போதாது. இன்ட்ரிம் ஜட்ஜ்மென்ட், அதான் இடைக்காலத் தீர்ப்பு, கைக்கு வரணும், பிள்ளைங்க விஷயமும் வீட்டு விஷயமும் முடிஞ்சிருக்கணும், அப்புறம்தான் எச்டிபி உங்களைத் தனி ஆளாப் பாக்கும். ஃபைனல் ஜட்ஜ்மென்ட் அதுக்கப்புறம் குறைஞ்சது மூணு மாசம் கழிச்சு வரும், அந்த சர்டிஃபிகேட்டையும் குடுக்கணும். ரெண்டு பேரும் எல்லாத்துக்கும் ஒத்துக்கிட்டா எளிய தடத்துல சீக்கிரமே முடியும், 2024 ஜூலையில இருந்து ஒருத்தர் மேல ஒருத்தர் தப்பு சொல்லாம பரஸ்பர சம்மதம்னே டைவர்ஸ் போடலாம். பிள்ளைங்க இருக்கறதால பெற்றோருக்கான அந்த கோ-பேரன்டிங் வகுப்பை முதல்லயே முடிச்சிருக்கணும், முடிச்சிருப்பீங்கன்னு நினைக்கறேன்.

பேப்பர் கையில வந்ததும் சிங்பாஸ்ங்கற அரசு லாகின்ல போயி எச்எஃப்இ லெட்டருக்குப் போடுங்க. 2023 மே மாசத்துல வந்தது இது, புது வீடு வாங்கலாமா ரிசேலா (இன்னொருத்தர் விக்கற வீடு), எவ்வளவு கிராண்ட், எவ்வளவு கடன்னு எல்லாத்துக்கும் ஒரே கடிதம். ஒன்பது மாசம் செல்லும். காப்பிக்கடை வக்கீல்கள் நூறு சொல்வாங்க, இந்த ஒரு கடிதத்துல இருக்கறதை மட்டும் நம்புங்க.

கிராண்ட் விஷயத்துல வருத்தமான பதில்தான். ஃபேஸ்புக்ல பாத்த 120,000 வந்து இஎச்ஜிங்கற வீட்டு மானியம், 2024 ஆகஸ்ட்ல கூட்டுனாங்க, அது முதல் தடவை வாங்குற குடும்பத்துக்கு. நீங்க அவரோட சேர்ந்து பிடிஓ வாங்குனப்பவே ஒரு சலுகை எடுத்தாச்சு, அதனால நீங்க செகண்ட் டைமர், ரெண்டாவது தடவை சலுகை கேக்கறவங்க. அதோட புது வீடா வாங்குனா ரிசேல் லெவின்னு எச்டிபி-க்குக் கட்டற ஒரு தொகை வேற, நாலறை வீட்டை வித்தவங்களுக்கு அட்டவணையில 40,000 வெள்ளி. வீடு வித்த காசை எல்லாம் கடனை அடைக்கவும் அண்ணன் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வாங்கவும் செலவு பண்ணிட்டு அப்புறம் லெவி கட்டணும்னு தெரிஞ்சு முழிக்கிறவங்க இருக்காங்க, அதனால விக்கறப்பவே அதைத் தனியா ஒதுக்கி வைங்க. ஓபன் மார்க்கெட்ல ரிசேல் வாங்குனா லெவி கிடையாது, ஆனா விலை அதிகம்.

உங்களுக்குன்னு இருக்கற நல்லது எதுன்னா அசிஸ்ட்ங்கற திட்டம். டைவர்ஸ் ஆனவங்க, துணையை இழந்தவங்க, 18 வயசுக்கு உட்பட்ட பிள்ளை இருந்தா, பிடிஓ-ல ஈரறை ஃப்ளெக்ஸி, மூவறை வீடுகள்ல ஒரு பங்கை அவங்களுக்குன்னே ஒதுக்கி வைக்கறாங்க. அதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவைதான் சலுகை வாங்கியிருக்கணும், நீங்க சரியா அதுல வர்றீங்க. நாலறையே வேணும்னு அடம் பிடிக்காம மூவறைக்குப் போனா சான்ஸ் நல்லா இருக்கு, ஒண்ணு ஆணு ஒண்ணு பொண்ணா இருந்தாலும் பிள்ளைங்க சின்னதுங்கதான், இன்னும் கொஞ்ச வருஷம் ஒரே ரூம்ல சமாளிக்கலாம்.

கடன் எவ்வளவு வரும்னு இப்பவே தெரிஞ்சுக்கங்க. மாசத் தவணை சம்பளத்துல 30 சதவீதத்துக்கு மேல போகக் கூடாது, உங்களுக்கு அது 840 வெள்ளி. 25 வருஷத்துக்கு எடுத்தா ஏறக்குறைய 175,000 வெள்ளி கடன், அதுவும் வீட்டு விலையில 75 சதவீதத்துக்குள்ள. ரெண்டாவது எச்டிபி கடன்னா திரும்பி வந்த சிபிஎஃப்-ஐ அதுல போடணும், வித்த ரொக்கத்துல பாதியையோ 25,000 வெள்ளியையோ எது அதிகமோ அதை நீங்க வச்சுக்கிட்டு மிச்சத்தையும் போடணும். அதனால அந்த 35,000 எவ்வளவு பெருசுன்னு இப்ப புரியுதா? இன்னொண்ணு, மனசு சரியில்லன்னு இந்த நேரத்துல வேலையை மட்டும் விட்டுடாதீங்க, பேஸ்லிப் தொடர்ச்சியா இல்லன்னா கடன் கணக்கே மாறிப்போகும்.

செங்காங் வீட்டையே நீங்க வச்சுக்கலாமேன்னு யாராச்சும் சொல்லியிருப்பாங்க. பிள்ளைங்க பள்ளிக்கூடம் மாற வேணாம், லெவி இல்ல, நல்லதுதான். ஆனா என் கணக்குப்படி 210,000 கடனை உங்க 840 வெள்ளி தாங்காது, அவரு பங்கையும் வேற குடுக்கணும். பராமரிப்புப் பணத்துக்குப் பதிலா பங்கைக் கூட்டித் தர்றேன்னு அவரு இறங்கி வந்தாத்தான் வழி. சின்னப் பிள்ளை பிரைமரி முடிக்கிற வரைக்கும் விக்காம வைக்கணும்னும் ஆர்டர் கேக்கலாம், எனக்கு அது அவ்வளவா பிடிக்காது, ரெண்டு பேரும் பிரிஞ்சும் ஒரே வீட்டுப் பத்திரத்துல கட்டிப் போட்ட மாதிரி இருக்கும், ரெண்டு பேரும் வேற எச்டிபி வீட்டுக்கு நகர முடியாது.

அண்ணி விஷயம். பிடிஓ புக் பண்ணிட்டா கட்டி முடியறவரைக்கும் பிபிஎச்எஸ்ங்கற தற்காலிக வாடகைத் திட்டத்துல எச்டிபி கிட்டயே வாடகைக்கு எடுக்கலாம், பிள்ளையோட இருக்கற டைவர்ஸ் ஆனவங்களுக்கும் அது உண்டு, வருமானம் மாசம் 7,000-க்குள்ள இருக்கணும். புக் பண்றதுக்கு முன்னாடி அது கிடைக்காது, அதுவரைக்கும் அண்ணியைச் சமாளிங்க, வீட்டுச் செலவுக்கு மாசாமாசம் ஏதாச்சும் குடுத்திடுங்க, முகம் தானா சரியாகும்.

கேள்வி: வணக்கம். நான் 34 வயசு ஆம்பள, தெங்கால பிடிஓ, சாவி வாங்கி ரெண்டு வருஷம்தான் ஆகுது. கல்யாணம் ஆகி நாலு வருஷம், பிள்ளை இல்ல, மனைவி டைவர்ஸ் கேக்கறாங்க. வீட்டுல ரெனவேஷனுக்கு மட்டும் கையில இருந்ததெல்லாம் போட்டுட்டேன். வீட்டை நான் வச்சுக்க முடியுமா?

பதில்: தம்பி, உங்க பிரச்சினை பூரா வயசுலதான் நிக்குது. எம்ஓபி அஞ்சு வருஷம், அது முடியாம வெளி மார்க்கெட்ல விக்க முடியாது. டைவர்ஸ் ஆனப்புறம் வீட்டை வச்சுக்கணும்னா அதுக்கு ஒரு தகுதி வேணும், ஒண்ணு பிள்ளையோட கேர் அண்ட் கன்ட்ரோல், இல்ல சிங்கப்பூர்க் குடியுரிமையோட 35 வயசு முடிஞ்ச தனி ஆளு. ரெண்டும் இல்லாதப்ப வீட்டை எச்டிபி கிட்டயே திருப்பிக் குடுக்கச் சொல்வாங்க, அவங்க வச்ச இழப்பீட்டு விலைதான் வரும், நீங்க போட்ட மார்பிளுக்கும் கேபினெட்டுக்கும் மார்க்கெட்ல கிடைக்கிற மாதிரி கிடைக்காது.

34-ன்னு எழுதியிருக்கீங்க, பிறந்த நாள் எப்பன்னு எழுதல. சில மாசத்துல 35 வருதுன்னா அவசரப்படாதீங்க. மனைவி சம்மதிச்சா வீட்டு விஷயத்தை 35 ஆனப்புறம் கைமாத்தற மாதிரி ஆர்டர் எழுதலாம், இதுல ஏமாத்து எதுவும் இல்ல, வக்கீல் கிட்ட தேதியைச் சொல்லி வெளிப்படையா கேளுங்க, எச்டிபி கிளைக்கும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்க. வயசு வந்தாலும் கடனை உங்க ஒரு சம்பளத்துலயே தாங்கணும், மனைவி போட்ட சிபிஎஃப்-க்கும் ஒரு பதில் இருக்கணும். கணக்கு இடிச்சா விட்டுடுங்க தம்பி. 35-க்கு அப்புறம் தனி ஆளா ஈரறை ஃப்ளெக்ஸி புதுசா வாங்கலாம், 2024 அக்டோபர்ல இருந்து எந்த வட்டாரத்துலயும் வாங்கலாம், முன்ன மாதிரி ஒதுக்குப்புறம் மட்டும் இல்ல. ரெனவேஷன் காசைப் பத்தி நினைச்சு நினைச்சு முடிவெடுத்தீங்கன்னா தப்பான முடிவுதான் வரும்.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். எனக்கு ஷரியா கோர்ட்ல விவாகரத்து முடிஞ்சு அஞ்சு வருஷமாச்சு. பழைய வீட்டை வித்தப்ப என் கைக்கு ஒண்ணும் பெருசா வரல. இப்ப உட்லண்ட்ஸ்ல எச்டிபி வாடகை வீட்ல மூணு வருஷமா இருக்கேன், மகன் 11 வயசு. பள்ளிக்கூட கேன்டீன்ல வேலை. எனக்கெல்லாம் சொந்த வீடு கனவுலதானா?

பதில்: வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. கனவு இல்ல, உங்களுக்குன்னே ஒரு திட்டம் இருக்கு, ஃப்ரெஷ் ஸ்டார்ட். முன்ன ஒரு வீடு வாங்கி இழந்து, இப்ப வாடகை வீட்ல ஒரு வருஷத்துக்கு மேல இருக்கற, 18 வயசுக்குக் கீழ சிங்கப்பூர்ப் பிள்ளை இருக்கற குடும்பத்துக்கு. கிராண்ட் 2016-ல ஆரம்பிச்சப்ப 35,000, அப்புறம் 50,000, இப்ப 75,000 வெள்ளி. 60,000 சாவி வாங்கறப்ப, மிச்ச 15,000 அஞ்சு வருஷத்துல கொஞ்சம் கொஞ்சமா.

வீடு ஈரறை ஃப்ளெக்ஸியோ மூவறையோ புதுசு, ஆனா 99 வருஷ லீஸ் இல்ல, 45-ல இருந்து 65 வருஷத்துக்குள்ள, அதனாலதான் விலை இறங்குது. 20 வருஷம் விக்க முடியாது. இதைக் கேட்டு சில பேரு பின்வாங்கறாங்க, எனக்கு அதுல ஒண்ணும் குறை தெரியல, விக்க முடியாத வீட்டை யாரும் வந்து வித்துக் குடுன்னு உங்களை நெருக்கவும் முடியாதே. அவங்க பாக்கறது நீங்க வேலையில நிலையா இருக்கீங்களா, வாடகை பாக்கி இல்லாம கட்டறீங்களா, பையன் ஒழுங்கா பள்ளிக்கூடம் போறானா, அதோட ஒரு சமூக ஊழியரோட மதிப்பீடு. வாடகையில பாக்கி இருந்தா முதல்ல அதைத் தீருங்க. பக்கத்துல இருக்கற குடும்ப சேவை நிலையத்துல பேசுங்க, தமிழ்ல மனசு விட்டுப் பேசணும்னா பீட்டி ரோட்ல இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா இருக்கு, இந்த மாதிரி கேஸெல்லாம் அவங்களுக்குப் புதுசு இல்ல.

ஷரியா கோர்ட் பேப்பர்னா செல்லாதோன்னு கேக்கறவங்க இருக்காங்க, அந்த சந்தேகமே வேணாம். விவாகரத்துச் சான்றிதழ், பிள்ளை உங்க கிட்டதான்னு சொல்ற ஆர்டர், ரெண்டையும் எடுத்து ஒரு பிளாஸ்டிக் உறையில போட்டு வைங்க. பையனுக்கு 11-ன்னா இன்னும் ஏழு வருஷம் இருக்கு, ஆனா ஏழு வருஷம் இருக்குன்னு உக்காந்துடாதீங்க, பிடிஓ கட்டி முடிக்கவே வருஷக்கணக்கா ஆகுது.

கேள்வி: நான் பிடோக்ல இருக்கற ஒரு தாய், வயசு 64. மகளுக்கு டைவர்ஸ் முடிஞ்சிருச்சு, பேத்தியோட எங்ககூடத்தான் இருக்கா. அவளை எங்க பக்கத்துலயே வச்சுக்கணும்னு ஆசை. என் வீட்டுப் பத்திரத்துல அவ பேரைச் சேர்த்துடலாமா?

பதில்: அம்மா, வேணாம். பேத்தி வளரணும், மகளுக்கும் தனியா ஒரு கதவு வேணும், உங்க பத்திரத்துல ஓனரா வந்துட்டா அவளால வேற எச்டிபி வீடு வாங்க முடியாம போகும். இருக்கற வரைக்கும் கூட குடியிருக்கறவங்கன்னு இருந்தாப் போதும்.

அவ ரிசேல் வாங்கட்டும். செகண்ட் டைமரா இருந்தாலும் இதுவரைக்கும் பிஎச்ஜி கிராண்ட் (பெத்தவங்க கூடவோ பக்கத்துலயோ இருக்க வீடு வாங்கறதுக்கான மானியம்) எடுக்காதவங்களுக்கு அது உண்டு, டைவர்ஸ் ஆனவங்கன்னா எந்தக் கிராண்ட்டும் இல்லன்னு நிறைய பேரு இதைக் கேக்காமலே விட்டுடறாங்க. பேத்தியோட கேர் அண்ட் கன்ட்ரோல் மகள் கிட்ட இருந்தா அவங்க குடும்பம், பெத்தவங்க வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள்ள வாங்குனா 20,000 வெள்ளி, பெத்தவங்களையே கூட வச்சுக்கிட்டா 30,000. வருமான வரம்பு கிடையாது. 30,000-க்கு ஆசைப்பட்டு நீங்க பிடோக் வீட்டை விட்டுட்டுப் போறது எனக்கு சரியாப் படல, அந்தப் பத்தாயிரத்துக்காக உங்க சொந்தக் கூரையை விடுவீங்களா, 20,000 போதும். அந்த 4 கிலோமீட்டரை ஏஜென்ட் கையை நீட்டிக் காட்டறதை வச்சு நம்பாதீங்க, எச்டிபி வலைத்தளத்துல மேப் இருக்கு, ரெண்டு வீட்டு போஸ்டல் கோடையும் போட்டா தூரம் சொல்லிடும், மகளை வீடு வாங்கற ஆப்ஷன் பத்திரத்துல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே பாக்கச் சொல்லுங்க.